ஜன்னலோரம் ஒரு நாற்காலி

மாடி வீட்டு மாமியின் தாயார் சென்ற மாதம் காலமானார். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமே என்று மாமி தேடினாள். செல்போனுக்குள் ஆயிரக்கணக்கில் படங்கள். பாட்டிக்கென்று எடுத்தது ஒன்றுகூட இல்லை! ஒன்றில் ப்ளாஷ் வெளிச்சம் மூக்குக் கண்ணாடியில் பளீரென்று விழுந்து கண்ணே தெரியவில்லை. இன்னொன்றில் பின்னாலிருக்கும் காலண்டர் தெளிவு, பாட்டி மங்கல். கடைசியில் கல்யாண குரூப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். "இது அம்மா மாதிரியே இல்லையே!" என்று மாமி விம்மியதை என்னால் மறக்க முடியவில்லை.

குறை காமிராவில் இல்லை. வெளிச்சத்தை நாம் கவனிப்பதில்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரான் என்ற ஆங்கிலேய அம்மாளுக்கு 1863-ல், 48-வது வயதில், மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அவர் வீட்டுக் கோழிக் கொட்டகையையே ஸ்டூடியோவாக்கிக் கொண்டார்! 1867-ல் வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷலைப் படம் பிடித்தபோது, நரைத்த முடியில் ஒளி நன்றாகப் படியட்டும் என்று முதலில் தலையை அலசச் செய்தாராம்.

நமக்கு ஒரு ஜன்னல் போதும். நேர் வெயில் விழாத ஜன்னலருகே நாற்காலியைப் போடுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்; முதுகுப்புறம் இருந்தால் முகம் கறுத்துவிடும். தலைக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்து விடுங்கள். அது கண்ணுக்கடியில் குழி விழுந்தாற்போல் நிழல் போடும். மறு கன்னம் இருட்டாயிருக்கிறதா? அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேஷ்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும்.

நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். ரொம்பவும் நெருங்கினால் மூக்குப் பெரிதாகத் தெரியும். செல்போன் திரையில், உங்களுக்குக் கிட்டத்திலுள்ள கண்ணை விரலால் தொடுங்கள். காமிரா அதையே குறி வைத்துக் கொள்ளும். கண் தெளிவாயிருந்தால் காது சற்று மங்கினாலும் பாதகமில்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் கை அசைந்தால் படம் கலங்கிவிடும். மூக்குக் கண்ணாடி பளபளத்தால் மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

"இந்த வயசிலே எனக்கு எதுக்கடி போட்டோ?" என்று பாட்டி வெட்கப்படுவாள். பிறந்த ஊர்க் கதை ஏதாவது கேளுங்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் முகம் மலரும் பாருங்கள், அப்போது எடுங்கள்!

இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பிரதி போட்டு விடுங்கள். சுவரில் ஏறுமுன், படம் பாட்டியின் கைக்குப் போய்ச் சேரட்டும்.