வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை

‘ஸ்டார் ட்ரெக்’ முதற்தொடரின் 79 அத்தியாயங்களுள் சிலவற்றை அண்மையில் மீண்டும் பார்த்தேன். 1969 ஜனவரி 10இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம் இன்னமும் மனதை விட்டு அகலவில்லை.

ஒரே கிரகத்தவர் இருவர். ஒருவனுக்கு முகத்தின் வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை, மற்றவனுக்கு நேர்மாறு. கப்பல் தலைவர் கேர்க்கிற்கு அது ஒரு வேறுபாடாகவே தோன்றவில்லை. அவர்களுக்கோ அது 50,000 ஆண்டுப் பகை. சொந்தக் கிரகத்தை அடைந்தபோது அங்கு எவரும் எஞ்சியிருக்கவில்லை. அப்போதும் இருவரும் பகையை விடவில்லை.

பிரசார நெடி அதிகம் என்பர் விமர்சகர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. எரியும் வீட்டின் முன் நின்று பூடகமாகப் பேச முடியாது. வெளியாருக்குப் புலப்படாத வேறுபாட்டிற்காக ஊரே சாம்பலாவதை நாமும் அறியாதவர்களல்லர்.