ஒரு வரி போதும்

வழக்கமா கோயிலுக்கு வர்றவர் நாலு வாரமா காணோம்னா, "வேலையா இருப்பாரு"ன்னு விட்டுடறோம். இது சரியில்லைங்க.

சான் பிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, பிறகு தொடர் சிகிச்சையை ஏற்காதவர்களில் ஒரு பகுதியினருக்கு 5 ஆண்டுகள் சிறு கடிதங்கள் அனுப்பினார். அறிவுரை இல்லை, நலம் விசாரிப்பு மட்டுமே. கடிதம் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே முதல் 2 ஆண்டுகளில் தற்கொலை குறைவு.

நம்ம கையில வாட்ஸ்அப் இருக்கு. தொண்டூழியர்களே, "உங்களை நினைச்சோம், நல்லா இருக்கீங்களா?"ன்னு ஒரு வரி அனுப்புங்க. "ஏன் வரலை"ன்னு கேட்காதீங்க. பதில் வராட்டியும் அடுத்த மாசம் மறுபடி அனுப்புங்க.

யாராவது "வாழப் பிடிக்கலை"ன்னு சொன்னா, தனியா விடாதீங்க. சிங்கப்பூரில் 1767க்கு அழைங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. கூடவே உட்காருங்க. இதுவும் தொண்டுதான்.