மிதிவண்டிக்கு 12, மின்காருக்கு 5

2019 ஆகஸ்ட் 1 அன்று மின்வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அன்றைக்கு மிதிவண்டிக்கான வரி 12 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 வரை அது அப்படியே நீடித்தது. எண்ணெயோ மின்சாரமோ கேட்காத ஒரு வாகனத்தைவிடக் கோடி ரூபாய் மின்கார் பசுமையானது என்று, ஆறு ஆண்டுகளுக்கு மேலாக இந்திய வரிவிதிப்பு சொல்லிக்கொண்டிருந்தது. இதை யாரோ ஒரு அதிகாரியின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பசுமை மாற்றத்தின் பயனாளி யார் என்று கொள்கை வகுப்போர் மனத்தில் எழுந்த சித்திரம் அந்த இரண்டு எண்களில் பதிவாகியிருக்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருப்பவை ஏறத்தாழ 8 விழுக்காடு. மிதிவண்டி வைத்திருப்பவை ஏறத்தாழப் பாதி. ஆயினும் ‘மின்வாகனப் புரட்சி’ என்றதும் விளம்பரங்களிலும் கருத்தரங்க மேடைகளிலும் தோன்றும் உருவம் கார்தான்.

தனியார் கார்களுக்கு ஒன்றிய அரசு நேரடி மானியம் தருவதில்லையே என்று ஆதரவாளர்கள் கேட்பர். உண்மைதான். 2024-இல் அறிவிக்கப்பட்ட 10,900 கோடி ரூபாய் பி.எம். ஈ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு இடமில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கப்படும் வரியும் பொதுப்பணமே. வரவுசெலவுத் திட்டத்தில் மானியம் என்ற தலைப்பின்கீழ் அது வருவதில்லை. அதனால் யாரும் அதை விவாதிப்பதுமில்லை. இன்றைய விகிதப்படி, வரிக்கு முன் ஒரு கோடி ரூபாய் விலையுள்ள பெட்ரோல் காருக்கு 40 விழுக்காடு வரி. அதே விலையுள்ள மின்காருக்கு 5 விழுக்காடு. வேறுபாடு 35 இலட்சம் ரூபாய். பி.எம். ஈ-டிரைவ் திட்டத்திலோ 14,028 மின்பேருந்துகளுக்கு 4,391 கோடி ஒதுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் பேருந்து ஒன்றுக்குச் சராசரியாக 31 இலட்சம். மின்பேருந்துக்கும் வரிச் சலுகை உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், ஒரு செல்வந்தரின் காரும் அறுபது பேரைச் சுமக்கும் பேருந்தும் பொதுப்பணத்தின் முன் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்தப் பேருந்துகளும் 40 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 9 நகரங்களுக்கே உரியவை. சிற்றூர்களும் நடுத்தர நகரங்களும் அத்திட்டத்தின் பேருந்து ஒதுக்கீட்டில் இல்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. 25 இலட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள மின்கார்களுக்கு 10 விழுக்காடு ஆயுள்கால வரியை 2024-இல் கர்நாடகம் கொண்டுவந்தது. 30 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 6 விழுக்காடு வரியை 2025-இல் மகாராஷ்டிரம் முன்மொழிந்து, அதே மார்ச் மாதத்தில் திரும்பப் பெற்றது. 30 இலட்ச ரூபாய்க் காரை வாங்க வல்லவர் 6 விழுக்காடு வரியால் மனம் மாறிப் பெட்ரோலுக்குத் திரும்பிவிடுவார் என்றால், அவருடைய பசுமைப் பற்று எத்தகையது? திரும்பமாட்டார் என்றால் அந்தச் சலுகை எதற்கு?

புகை எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. டெல்லிச் சாலையில் புகையின்றி ஓடும் கார், சிங்ரௌலியிலோ கோர்பாவிலோ எரியும் கரியால் ஓடுகிறது. அனல்மின் நிலையங்கள் கந்தக டைஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போயிற்று. 2025 ஜூலையில் பெரும்பாலான அலகுகளுக்குக் கந்தகநீக்கக் கருவி பொருத்தும் கடமையிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் பொருத்தியே ஆகவேண்டும். மாசு மிகுந்தவை என அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு அருகிலிருப்பவை தனித்தனியே பரிசீலிக்கப்படும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது போதுமான காரணம் என்றால், பெருநகரங்களுக்கு அருகில் எரியும் நிலக்கரிக்கு மட்டும் அது ஏன் பொருந்தவில்லை? நகரத்தின் நுரையீரலுக்கு ஒரு விதி, ஊர்ப்புறத்தின் நுரையீரலுக்கு வேறு விதி. காரின் புகைக்குழாயை நகரத்திலிருந்து அகற்றியவர்கள், அதன் மறுமுனையில் நிற்கும் புகைபோக்கியைப் பார்க்க மறுக்கிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதற்கு நேர்மையாக விடை சொல்லியாக வேண்டும். மின்மோட்டார், எரிபொருள் எஞ்சினைவிடப் பன்மடங்கு திறன்மிக்கது. மின்கட்டமைப்பில் சூரிய ஆற்றலும் காற்றாற்றலும் கூடக்கூட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்வாகனமும் தூய்மையாகும். பெட்ரோல் வாகனத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. இவை அனைத்தும் சரி. பெட்ரோலைப் பாதுகாப்பது இந்த விமர்சனத்தின் நோக்கமே அன்று. ஆனால் இவ்வாதம் மின்மயத்துக்குச் சார்பானதே தவிர, காருக்குச் சார்பானதன்று. 60 கிலோவாட்மணி மின்கலம் கொண்ட ஒரு காரின் இடத்தில் 3 கிலோவாட்மணி மின்கலம் கொண்ட 20 ஸ்கூட்டர்களை ஓட்டலாம். சிலியின் அட்டகாமா உப்புநிலத்தில், வறண்ட மண்ணுக்கடியில் கிடக்கும் உப்புநீரை ஆவியாக்கி எடுத்துவரும் லித்தியம், நாளின் பெரும்பகுதி நிழலில் நிறுத்திவைக்கப்படும் காருக்குள் உறங்குவதா, நாள் முழுதும் ஓடும் பேருந்தில் உழைப்பதா? உமிழ்வுக் குறைப்புதான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலே பேருந்தையும் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களையும் முன்னே வைக்கிறது.

சொல்லப்போனால், இந்தியாவின் மின்வாகனப் புரட்சி முன்பே நிகழ்ந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் ஈ-ரிக்‌ஷா ஓட்டுநர்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெல்லித் தெருக்களில் பெருகிய இவ்வாகனங்களை 2014 ஜூலை இறுதியில் டெல்லி உயர்நீதிமன்றம் தடை செய்தது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அவை முழுச் சட்டத்தகுதி பெற்றன. 2023-இல் மின் மூன்று சக்கர வாகன விற்பனையில் இந்தியா சீனாவையே முந்தியதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை பதிவு செய்தது. இச்சாதனை எந்த விளம்பரப் பலகையிலும் இல்லை. ஈய-அமில மின்கலத்தில் ஓடும் ரிக்‌ஷாக்களை ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் மானியத்திலிருந்து விலக்கியது. முறைசாரா உலைகளில் உருக்கப்படும் ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு என்பதால், அம்மின்கலத்தை ஊக்குவிக்காதது சரியே. ஆனால் லித்தியத்துக்கு மாற ஓட்டுநருக்குக் கடன் எங்கே? மின்வாகனக் கடன் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் வரை வருமானவரிக் கழிவு தரும் 80ஈ.ஈ.பி. பிரிவு 2019-இல் வந்தது. வருமானவரி செலுத்துபவருக்கே அதனால் பயன் இருந்தது; 2023 மார்ச்சுக்குப் பின் பெறப்பட்ட கடன்களுக்கு அதுவும் இல்லை. நாள்வட்டிக்குக் கடன் வாங்கி ரிக்‌ஷா ஓட்டுபவருக்கு அப்படி ஒரு பிரிவு இருந்ததே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பாரபட்சத்தில் கல்விப்புலத்துக்கும் பங்குண்டு. ‘மின்வாகன ஏற்பில் உள்ள தடைகள்’ என்ற தலைப்பில் எழுதப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை கார் வாங்கக்கூடியவரிடமே வினாநிரலை நீட்டுகின்றன. மின்னேற்ற நிலையம் தொலைவில் இருக்கிறது என்ற அவருடைய அச்சம் தரவாகிறது. பேருந்துக்காக முக்கால் மணிநேரம் காத்திருக்கும் பெண்ணின் நேரம் எந்த அட்டவணையிலும் சேர்வதில்லை. வாங்குபவரை மட்டுமே கேட்கும் ஆய்வு, வாங்குபவருக்கு மட்டுமே பரிந்துரை எழுதும்.

கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எளியவை. விட்டுக்கொடுக்கப்பட்ட வரியில் எவ்வளவு எந்த வருமானப் பிரிவினருக்குச் சென்றது? குறைந்த உமிழ்வை ஒரு பயணிக்கு, ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் எந்த வாகனம் முந்துகிறது? மின்சாரத்தைப் பயன்படுத்தும் நகரமும் அதன் சாம்பலைச் சுவாசிக்கும் ஊரும் ஒரே ஆய்வேட்டில் சந்திக்குமா? விலை உச்சவரம்பு இல்லாத வரிச் சலுகையை நீக்கி, அந்தப் பணத்தைப் பேருந்துக்கும் ரிக்‌ஷாவுக்கும் திருப்புமாறு கோருவதற்கு, இவற்றுள் முதல் கேள்விக்கான விடை ஒன்றே போதுமானது.

மிதிவண்டியின் வரி இப்போது 5 விழுக்காடு. ஆறு ஆண்டுகள் காத்திருந்து, அது மின்காருக்குச் சமமான மதிப்பைப் பெற்றிருக்கிறது.