பேரியாட்ரிக் சிகிச்சைக்குப் பின் உணர்வுசார் உண்ணல்: அமைப்பின் நிலைப்பாடு

உடல் பருமனைக் குறைக்கச் செய்யப்படும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் பின் எடை குறையாமல் நின்றுவிட்டாலோ, குறைந்த எடை மீண்டும் ஏறினாலோ, அதற்கு நோயாளியின் மனவுறுதிக் குறைவே காரணம் என்று முடிவுகட்டும் வழக்கத்தை இவ்வமைப்பு ஏற்கவில்லை. பசிக்காக அன்றி, கவலை, சினம், தனிமை, சலிப்பு ஆகியவற்றைத் தணித்துக்கொள்வதற்காக உண்பது உணர்வுசார் உண்ணல் எனப்படும். அதைக் கண்டறிந்து ஆற்றுப்படுத்துவதும் அறுவை சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு.

இரைப்பையின் முக்கால் பங்கை நீக்கி எஞ்சியதைக் குழாய் வடிவில் விட்டுவைக்கும் ஸ்லீவ் முறையில், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் நீங்கிவிடுவதால், தொடக்க மாதங்களில் பலருக்குப் பசியே தெரிவதில்லை. சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாக இரைப்பையைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையிலோ, வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் குடல் ஹார்மோன்கள் உணவுக்குப் பின் கூடுதலாகச் சுரக்கின்றன. இவையெல்லாம் பெரிதும் பசியின் மீது செயல்படுபவை. மனம் கலங்கும்போதெல்லாம் எதையாவது வாயில் போட்டுக்கொள்ளும் பல்லாண்டுப் பழக்கம் அறுவையோடு அகன்றுவிடுவதில்லை.

அப்பழக்கம் உருமாறித் திரும்புவதால் எளிதில் கண்ணில் படுவதும் இல்லை. ஒரே வேளையில் நிறைய உண்ண வயிற்றில் இடமில்லாதபோது, மாலையில் பிரித்த மிக்சர் பொட்டலம் கையருகிலேயே இருந்து இரவுக்குள் சிறிது சிறிதாகத் தீர்கிறது. சப்பாத்தியும் கோழிக்கறியும் நெஞ்சை அடைக்க, ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் தடையின்றி இறங்குகின்றன. ஆகவே உண்ட அளவைக் கேட்டுச் சிக்கலைக் கண்டுபிடிக்க முடியாது. நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியவில்லை என்னும் கட்டுப்பாட்டு இழப்பு உணர்வே இங்கு முதன்மையான அறிகுறி. அறுவைக்கு முன்பிருந்த உணர்வுசார் உண்ணல் பிற்கால எடையை முன்னறிவிக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை. அறுவைக்குப் பின் தோன்றும் கட்டுப்பாட்டு இழப்போ எடைக்குறைவு மந்தமாவதோடு தொடர்ந்து தொடர்புபட்டு வந்துள்ளது. எனவே உணர்வுசார் உண்ணல் இருப்பதையே காரணமாக்கி ஒருவருக்கு அறுவை சிகிச்சையை மறுப்பது தவறு என்று இவ்வமைப்பு உறுதியாகக் கருதுகிறது.

1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டு நெடுங்கால ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் சராசரி எடைக்குறைவு 2ஆம் ஆண்டில் 23 விழுக்காடாகவும் 10ஆம் ஆண்டில் 17 விழுக்காடாகவும் இருந்தது. சிகிச்சையின் பயன் நிலைக்கிறது என்பதையும், ஓரளவு எடை திரும்புவது இயல்பு என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே காட்டுகின்றன. ஆயினும் எடை ஏறத் தொடங்கும் அந்தக் காலத்தில்தான் பலர் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். எடைக் கருவியில் ஏறி நின்று, எண்ணைக் கேட்டுத் தலைகுனிந்து, அறிவுரை வாங்கித் திரும்புவதே மறுபரிசோதனை என்றால், உதவி மிகத் தேவைப்படுபவரே முதலில் விலகிப்போவார். இதற்கான பொறுப்பு மருத்துவக் குழுவினுடையது.

மறுபரிசோதனை ஒவ்வொன்றிலும் எடை பார்க்கும் முன்பே உணவோடுள்ள மனநிலை குறித்துக் குற்றஞ்சாட்டாத தொனியில் கேட்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மது விரைவாக இரத்தத்தில் ஏறுவதாலும், 2ஆம் ஆண்டு முதல் மதுச் சிக்கல் கூடுதலாகக் காணப்படுவதாலும், அதைப் பற்றிய கேள்வியும் சேர வேண்டும். தேவைப்படுவோருக்கு, உண்ணத் தூண்டும் எண்ணத்தையும் சூழலையும் இனங்கண்டு மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உளவியலாளர் வழங்க வேண்டும். அதற்கான கட்டணத்தை அறுவைக்கான தொகுப்புக் கட்டணத்திலேயே மருத்துவமனைகள் அடக்க வேண்டும். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்க இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் வகைசெய்கிறது. அறுவைக்கு ஒப்புதல் தரும் காப்பீட்டு நிறுவனங்கள், அதையடுத்த உளவியல் சிகிச்சையையும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஏற்க வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது.