'உங்களுக்கெல்லாம்' என்கிற பன்மை

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு பல வகுப்பறைகளிலிருந்து போய்விட்டது. அதன் இடத்தில் என்ன வந்தது? ஆசிரியர் பயிற்சிகளில் 'நேர்மறை ஒழுங்குமுறை' என்று சொல்லித் தருகிறார்கள்: சிரித்த முகமாக இருங்கள், பாராட்டுங்கள், நோட்டில் நட்சத்திரம் போடுங்கள். தவறில்லை. ஆனால் யாருடைய சேட்டை குறும்பாகவும் யாருடைய சேட்டை திமிராகவும் தெரிகிறது என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டாரத்தில் சில பள்ளிகளின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. பருத்தி எடுப்புக் காலத்தில் அம்மாவோடு காட்டுக்குப் போய்விட்டுத்தான் பல பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். ஒருநாள் இரண்டு பையன்கள் தாமதமாக வந்தார்கள். நிலம் உள்ள வீட்டுப் பையனிடம் "ஏம்ப்பா, காட்டுல வேலையா?" என்றார் ஆசிரியர். காலனிப் பையனிடம், "உங்களுக்கெல்லாம் நேரங்காலமே கிடையாதாடா?" அடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒற்றை ஆளைத் திட்டும்போது அந்தப் பன்மை எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. ஆசிரியரின் கணக்கில் அது நல்ல நடத்தை.

சாத்தாராவில் சிறுவன் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்தார். பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். அந்த வகுப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டீர்கள். சக மாணவர்கள் சாதியைச் சொல்லிக் கொடுமை செய்ததைப் பள்ளியில் தெரிவித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கயிறு கட்டத் தடை என்ற பரிந்துரையைச் சுற்றியே தொலைக்காட்சி விவாதங்கள் ஓடின. எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு: அகர வரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். வகுப்பறை நடத்தையை நல்லவிதமாக மாற்றுவதற்கு இவற்றைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க" என்று கேட்டு எழுந்து நின்ற பிள்ளையிடம், அடுத்த பீரியடில் எத்தனை நட்சத்திரம் ஒட்டினாலும் நிற்காது.

2025இல் 'ப' வடிவ இருக்கை பற்றிப் பேச்சு வந்தபோது கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது என்றெல்லாம் விவாதித்தோம். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது அதில் பேச்சாகவே வரவில்லை.

செய்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். குன்னம் பக்கத்தில் நான் பார்த்த ஓர் ஆசிரியை, வகுப்பு விதிகளைப் பிள்ளைகளையே பேசி எழுதச் சொன்னார். "பட்டப்பெயர் கூடாது" என்று அவர்களே எழுதினார்கள். கூட்டுவதற்கான முறைப்பட்டியலில் வாரம் ஒருநாள் அவர் பெயரும் உண்டு. அவர் முறை வந்த நாளில் துடைப்பத்தைப் பிடுங்க நாலு பேர் ஓடினார்கள், கொடுக்கவில்லை. சண்டை போட்டவர்களை எல்லோர் முன்னாலும் விசாரிக்காமல், சாப்பாட்டு நேரத்தில் தனித்தனியாகக் கேட்டார். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். சிலபஸை முடி, எமிஸில் ஏற்று என்று விரட்டப்படுகிறவர்களிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சந்துரு குழு பள்ளி நல அலுவலர் என்றொரு பதவியையும் பரிந்துரைத்தது, 500க்கு மேல் மாணவர் உள்ள பள்ளிகளுக்கு. சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் அந்த எண்ணிக்கையே வராது. ஊரும் சேரியும் ஒரே தெருமுனையில் பிரிகிற இடங்களுக்குத்தான் அந்த அலுவலர் முதலில் தேவை. சிறு பள்ளிகளைச் சேர்த்து ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்றாவது கேட்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஊரில் நீங்கள் படித்த அரசுப் பள்ளியின் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். போனால் கட்டடம், சுற்றுச்சுவரோடு இதையும் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் கழிவறையை யார் கழுவுகிறார்கள், உதவித்தொகைப் பட்டியலை எங்கே வைத்து வாசிக்கிறார்கள்?