கூலியில்லாப் பயிற்சி யாருக்கு லாபம்?

மில் தொழிலாளி வயிற்றைக் கட்டி மகளை மனோதத்துவம் படிக்க வைக்கிறார். படிப்பு முடிய, மனநல ஆலோசனையில் பயிற்சி பெற்றாக வேண்டும். தனியார் நிலையத்தை நாடுகிறாள். சம்பளம் இல்லை, பல இடங்களில் அவளே பணம் கட்ட வேண்டும்! குறிப்பெடுப்பதும் பதிவேடு எழுதுவதும் அவள். கல்லா நிரம்புவது முதலாளிக்கு! பட்டறையில் தொழில் பழகும் பையனுக்கு உதவித்தொகை தரச் சொல்கிறது 1961ஆம் வருடத்துச் சட்டம். அந்த நியாயம் நம் வீட்டுப் பெண்ணுக்கு ஏன் இல்லை?

“அனுபவம் கிடைக்கிறதே” என்கிறார்கள். அனுபவத்தை உலையில் போட்டால் சோறாகுமா?

மறுபக்கம் பாருங்கள், தோழர்களே! 2021இல் நாட்டில் தற்கொலையால் மாண்டோர் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். இது சர்க்கார் கணக்கு! மனநலச் சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது 2017ஆம் வருடத்துச் சட்டம். உரிமை ஏட்டில் இருக்கிறது, ஆலோசகர் எங்கே?

ஆலோசனை கடனை அடைக்காது, கூலியை உயர்த்தாது. அதற்குச் சங்கம் வேண்டும். ஆனால் நொந்த மனதுக்குத் துணை வேண்டாமா? 14416க்குப் பேசினால் இலவச ஆலோசனை உண்டு. அது மட்டும் போதாது. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் ஆலோசகரை நியமி! தேர்ந்தவர் மேற்பார்வையில், உதவித்தொகையுடன், மாணவர்க்கு அங்கே பயிற்சி கொடு! சங்கக் கூட்டந்தோறும் இதை நாம் முழங்குவோம்!