நோயாளிக்கு ஊட்டும் முன்

என் சாச்சா தொண்டைப் புற்றுநோய்க்கு மஹரகமையில் கதிர்ச் சிகிச்சை முடித்து வீடு வந்திருந்த நேரம். நலம் விசாரிக்கச் சென்ற நான் ஸம்ஸம் நீரும் கொண்டு போனேன். படுத்திருந்தவரின் தலையைச் சற்றே தூக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோப்பையை வாயில் வைத்தேன். இரண்டாவது மிடறிலேயே புரையேறி, மூச்சு முட்டி, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் காய்ச்சல். நியுமோனியா என்றார் வைத்தியர். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தது.

ஸம்ஸம் பரக்கத்தானதுதான், நான் கொடுத்த முறைதான் பிழை. ஓதிப் படித்த எனக்கே இது தெரிந்திருக்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

நாம் விழுங்கும் அந்த நொடியில் மூச்சுக்குழாயின் வாசல் தானாக மூடிக்கொள்கிறது. நோயாலோ சத்திரசிகிச்சையாலோ கதிராலோ தொண்டைத் தசைகள் தளர்ந்தவருக்கு அது மூடத் தாமதமாகும். தண்ணீரும் தேநீரும் அதற்குள் ஓடிவிடும். தடிப்பான கஞ்சி, யோகட், மசித்த பப்பாசி, வட்டிலப்பம் போன்றவை மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆனால், உணவுக்குழாயே கட்டியால் ஒடுங்கியவருக்கு நிலைமை நேர்மாறு: தண்ணீர் இறங்கும், சோறு சிக்கும். உங்கள் வீட்டு நோயாளி எந்த வகை என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் என்று ஒருவர் இருக்கிறார். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி தருவதும் அவர் வேலைதான். கிளினிக்கில் அவரைக் கேட்டு வாங்கிச் சந்தியுங்கள்.

நோன்புக் கஞ்சி நோயாளிக்கு நல்லதென்று அப்படியே கொடுக்கிறோம். நீரும் பருக்கையும் ஒன்றாக வாய்க்குள் போவது இவர்களுக்குச் சிரமம். நீர் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை பின்தங்கும். பிளெண்டரில் அடித்து ஒரே பதமாக்குங்கள். தேங்காய்ப்பாலோ முட்டையோ சேர்த்தால் கொஞ்சம் உண்டாலும் சத்து சேரும். மிளகாய், தேசிக்காய், புளி வேண்டாம். கதிர்பட்ட வாய்க்கு அவை நெருப்பு. உதிரும் பிஸ்கட்டும் வேண்டாம்.

ஊட்டும்போது நேராக உட்கார்த்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள். தேக்கரண்டியில் கொஞ்சம்; விழுங்கிய பின்தான் அடுத்தது. அப்போது அவரோடு பேசாதீர்கள், சிரிக்கவும் வைக்காதீர்கள். உண்டபின் அரை மணி நேரம் சாயவிடாதீர்கள். விழுங்கியதும் குரல் ஈரமாக, கரகரவென்று ஒலித்தால் ஏதோ தவறாகப் போகிறது. சிலருக்கு இருமலே வராது. அடிக்கடி காய்ச்சல் வருவதே அடையாளமாக இருக்கும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து கொப்பளிக்கச் செய்தால் வாய்ப்புண்ணுக்கு இதம். கொப்பளித்துத் துப்ப முடிந்தவருக்குத்தான் இது. மாத்திரையை இடித்துக் கொடுக்குமுன் மருந்தாளரிடம் கேளுங்கள்; மெதுவாகக் கரையவென்று செய்த வலி மாத்திரையை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் சேர்ந்து ஆபத்தாகும்.

மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னால் "கடைசிக் கட்டமா?" என்று அழ வேண்டாம். சிகிச்சைப் புண் ஆறும்வரை பலருக்கும் போடுவதுதான். போட்டிருக்கும்போதும் வைத்தியர் அனுமதித்தால் கொஞ்சம் விழுங்கிப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தசை இறுகிவிடும். ரமழானில் நோன்பு தவறியதை எண்ணி நோயாளி மனம் உடைவதுண்டு. நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நோயாளிகளை உண்ணும்படி வற்புறுத்த வேண்டாம் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறது. ஆயிஷா நாயகி நோயாளிக்குத் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கூழைச் சிபாரிசு செய்ததாகப் புகாரியில் வருகிறது. கூழ் என்பதைக் கவனியுங்கள். பார்க்க வருபவர்கள் "ஒரு வாய் சாப்பிடுங்கள்" என்று வாயருகே கொண்டு போனால், கதவடியிலேயே மரியாதையாகத் தடுங்கள். யாரும் கோபித்தால் கோபிக்கட்டும். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு எதையும் ஊற்றவே கூடாது. பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டை ஈரமாக்கினால் போதும்.

சாச்சாவுக்குக் காய்ச்சல் தணிந்த பிறகு மிச்சமிருந்த ஸம்ஸமைச் சாச்சி அரிசிமாக் கூழில் கலந்து காய்ச்சி, கதிரையில் உட்கார்த்தித் தேக்கரண்டியால் ஊட்டினார். இருமாமல் இறங்கியது.